துப்பாக்கி வேண்டாம் என்பவர்களின் கடன்

1

திருச்சிக்காரர்களுக்குத் துப்பாக்கி அந்நியமான பொருள் இல்லை. நவல்பட்டுப் பக்கம் 1966-இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. ஊர்ப் பெயரையே சுமக்கும் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' அங்கேதான் தயாராகிறது. என்னோடு படித்த சிலருடைய அப்பாக்கள் காலையில் டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ் ஏறிப் போனது துப்பாக்கி செய்யத்தான். 2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்காக அஜித் திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு வந்தபோது, வெளியே நின்ற கூட்டத்தைக் கலைக்க போலீஸ் பட்ட பாட்டை ஊரே பேசியது.

ஆனால் உங்களுக்குத் தெரிந்த வீடுகளில் துப்பாக்கி உள்ள வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 இறுதியில் நாடு முழுவதும் சுமார் 33.7 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22,532.

இந்தச் சின்ன எண்ணைப் பார்த்து நாம் நிம்மதி அடையலாமா, அல்லது நம்மிடமிருந்து ஏதோ பறிக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா? எனக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை, டெக்சாஸிலிருந்து வந்தது. என் பெரியப்பா மகன் அங்கே இருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் பெரியப்பாவும் பெரியம்மாவும் மட்டும். இரண்டு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஸ்ரீரங்கத்திலும் தில்லைநகரிலும் இப்படி எத்தனையோ வீடுகள். பிள்ளைகள் வெளிநாட்டில், வாசலில் கேமரா, அந்தக் கேமரா காட்டுவது மகனின் மொபைலில். போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு திருட்டு நடந்த அன்று ராத்திரி அண்ணன் எனக்கு போன் செய்தார்.

"தம்பி, கேமரால எல்லாம் தெரியுது. தெரிஞ்சு என்ன பண்ண? ஒருத்தன் உள்ள பூந்தா இங்க உக்காந்து வேடிக்கைதான் பாக்கணும். அப்பா ஒரு லைசென்ஸ் எடுக்கட்டும்டா. இங்க எங்க தெருவுல பாதி வீட்ல துப்பாக்கி இருக்கு, ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

"அதெல்லாம் வேணாம்ணே" என்றேன். "ஏன் வேணாம்?" என்று கேட்டார். அந்த 'ஏன்' நியாயமான கேள்வி. 'நம்ம ஊர்ல அப்படிப் பழக்கம் இல்ல' என்பது அதற்குப் பதில் ஆகாது.

2

அண்ணனின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்து வைத்துப் பார்ப்போம்.

என் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு. இதை யாரும் மறுப்பதில்லை. சட்டமும் மறுப்பதில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. கொலைத் தாக்குதல், பாலியல் வன்முறை, ஆள்கடத்தல் போன்ற நிலைகளில் தாக்குகிறவரின் உயிர் போனாலும் அது குற்றம் ஆகாது என்கிற அளவுக்கு அந்த உரிமை நீள்கிறது.

சரி, உரிமை இருக்கிறது. கருவி? எழுபத்து நான்கு வயதுக்காரர் கையில் தடி இருந்தாலும், உள்ளே வருகிறவன் இருபத்தைந்து வயதுக்காரன் என்றால் அரை நிமிஷத்தில் தடி அவன் கைக்குப் போய்விடும். கத்திக்கும் உடம்பில் தெம்பு வேண்டும். உடல் பலத்தைக் கணக்கிலேயே எடுக்காத ஆயுதம் துப்பாக்கி ஒன்றுதான். அதைக் கொடுக்காமல் தற்காப்பு உரிமையை மட்டும் கொடுப்பது, கிணற்றைக் காட்டிவிட்டு வாளியை ஒளித்து வைப்பது மாதிரி. இந்த வாதத்தை அரசாங்கமே ஒருமுறை விற்றுப் பார்த்தது. டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்காக என்று 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை சுமார் அரை கிலோ. விலை சுமார் 1,22,000 ரூபாய்.

அமெரிக்கா இந்த வாதத்தை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோன நாடு. வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதரின் அரசியலமைப்பு உரிமை என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது. வெளியே எடுத்துச் செல்ல 'உனக்கு என்ன விசேஷக் காரணம்?' என்று மாநில அரசு கேட்கக்கூடாது என்று 2022-இல் சொன்னது. இங்கே நேர் எதிர். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். மாவட்டத்தில் கலெக்டர், திருச்சி மாதிரி மாநகரத்தில் போலீஸ் கமிஷனர் அந்தக் காரணத்தை எடைபோடுவார். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். தேர்தல் வந்தால் பெரும்பாலோர் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ஊரில் தகராறு வரலாம் என்று அரசு பயப்படும் நாட்களில்தான் தற்காப்புத் துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியேறுகிறது.

3

துப்பாக்கி உரிமை என்பது அமெரிக்கச் சரக்கு, நமக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தப் பேச்சுக்கு ஸ்ரீரங்கத்திலேயே ஒரு சுவர் இருக்கிறது.

1801 ஜூன் 16. கம்பெனியை எதிர்த்து ஆயுதம் எடுக்கச் சொல்லும் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் வந்தது: பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். தென்தமிழ்நாட்டில் ஆயுதக் களைவு இப்படித்தான் தொடங்கியது. மக்களைத் திருடர்களிடமிருந்து காப்பதற்காக அது நடக்கவில்லை. ஆட்சியாளர்கள் தங்களை மக்களிடமிருந்து காத்துக்கொள்ள நடந்தது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் அதையே நாடு முழுவதற்கும் விரித்தது. இந்தியருக்கு உரிமம் கட்டாயம், வெள்ளையருக்கு விலக்கு.

அதனால்தான் அந்தச் சட்டத்தைக் காந்தியே கடுமையாகக் கண்டித்தார். ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்கியது பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கறுப்பான செயல்களில் ஒன்று என்ற பொருளில் 1918-இல் எழுதினார், சுயசரிதையிலும் அதைப் பதிவு செய்தார். 1931 கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஹெச்.வி. காமத் அந்த உரிமையை அரசியலமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. எல்லாருக்கும் அடிப்படை உரிமை என்று எழுதினால் குற்றத்தையே தொழிலாகக் கொண்டவனும் அதைக் கேட்பான் என்பது அவர் கவலை. கடைசியில் 19-ஆவது பிரிவில் நின்றது, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. 2023-இல் உத்தரப் பிரதேசக் கள்ளத்துப்பாக்கிகள் பற்றிய விசாரணையில் உச்ச நீதிமன்றமும் இதையே நினைவூட்டியது. அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் அடிப்படை உரிமை இல்லை.

ஆக, நாம் நிராயுதபாணிகளாக இருப்பதற்கு இரண்டு வேர்கள் இருக்கின்றன. ஒன்று காலனி ஆட்சியின் பயம். இன்னொன்று சுதந்திர நாடு யோசித்து எடுத்த முடிவு. முதலாவதைக் காட்டி இரண்டாவதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இரண்டாவது சரியா என்று கேட்கலாம்.

4

அம்பேத்கரின் கவலை ஏன் முக்கியம் என்பதைக் காவிரி டெல்டாவில் இருந்து பார்த்தால் நன்றாகவே புரியும்.

போலீஸ் வருவதற்கு முன்பு இந்தப் பக்கமெல்லாம் பாடிக்காவல், தேசகாவல் என்ற முறை இருந்தது. ஊருக்குக் காவல்காரர் இருப்பார். அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு. மாடு களவு போனால் கண்டுபிடித்துத் தரவேண்டியது அவர் பொறுப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் பல இடங்களில் களவு கொடுத்தவர் 'துப்புக்கூலி' கொடுத்துத் தன் மாட்டைத் தானே மீட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. காவலுக்குப் பணம் தராத ஊரில் மாடுகள் காணாமல் போயின. ஆயுதத்தால் வரும் பாதுகாப்பை அவரவர் விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எங்கே போய் நிற்கும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்தவர்கள்.

அடுத்தது 1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைத் தாக்க வந்தவர்கள் துப்பாக்கிகளோடு வந்தார்கள். ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 1973-இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. அன்றைக்கு அந்த ஊரில் துப்பாக்கி எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் கவனியுங்கள். நிலம் இருந்த பக்கம்.

அது தற்செயல் இல்லை. துப்பாக்கிக்குப் பணம் வேண்டும். உரிமத்துக்கு அலுவலகங்களில் ஏறி இறங்கத் தெரிய வேண்டும், காக்க வேண்டிய சொத்து என்று காட்ட ஏதாவது வேண்டும், 'நல்லவர்' என்று எழுதித் தர நாலு பேர் வேண்டும். இது எல்லாமே ஊரில் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் துப்பாக்கி போய்ச் சேரும். 'துப்பாக்கி எல்லாரையும் சமமாக்கும்' என்பது எல்லாரிடமும் ஒரே நாளில் துப்பாக்கி வந்து சேரும் ஓர் ஊரில் வேண்டுமானால் உண்மை. இருக்கிற ஊரில் அது ஏணியின் மேல்படியிலிருந்துதான் கீழே இறங்கும். பாதி வழியில் நின்றும் விடும். பெண்களுக்கான நிர்பீக்கும் இப்படித்தான். வீட்டுக்குள் அடிக்கிற கணவனிடமிருந்து தப்ப வேண்டிய பெண், அந்த வீட்டு பீரோவில் அரை கிலோ ரிவால்வர் இருந்தால் பாதுகாப்பாக இருப்பாளா? பீரோ சாவி யாரிடம் இருக்கும்?

5

அண்ணன் இதற்கெல்லாம் மடங்க மாட்டார். "ஊர்க்கதைய விடுடா, எங்கப்பா யாரையும் மிரட்டப் போறதில்ல" என்பார். சரி, ஊரை விட்டு ஒரு வீட்டுக்குள் மட்டும் பார்ப்போம்.

தாக்குதல் நடந்தால் நடக்கும் நேரம் ஐந்து நிமிஷம். அதற்காக வாங்கும் துப்பாக்கி வீட்டில் இருக்கப்போவது இருபது வருஷம். துப்பாக்கியின் நன்மையை எடைபோடும்போது நாம் அந்த ஐந்து நிமிஷத்தை மட்டுமே மனசில் ஓட்டிப் பார்க்கிறோம். மிச்சமுள்ள இருபது வருஷமும் அது சும்மா இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

அது சும்மா இருப்பதில்லை. கலிபோர்னியாவில் 2004 முதல் 2016 வரை 2.6 கோடிப் பேரைத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட விகிதம், வைத்திராத ஆண்களைவிடச் சுமார் எட்டு மடங்கு. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கும் மேல் தற்கொலை. திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி பெரும்பாலும் சுடுவது திருடனை இல்லை.

'சாகணும்னு முடிவு பண்ணவன் எப்படியும் செய்வான்' என்பார்கள். இலங்கை அதைப் பொய்யாக்கியது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, 1995-க்கும் 2015-க்கும் இடையே அங்கே தற்கொலை விகிதம் எழுபது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. துயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருள் மாறியது. அந்த நிமிஷம் கடந்து போக வழி கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். தனிமையில் இருக்கும் முதியவர்கள் நிறைந்த ஸ்ரீரங்கத்துக்கு இது முக்கியமான பாடம். கூடவே இருந்த துணை போன பிறகு, தூக்கம் வராத ராத்திரிகளில், அலமாரியில் என்ன இருக்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

குண்டு யாரையும் பார்த்துப் போவதும் இல்லை. 2021 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, முறையான பயிற்சி மைதானத்தில், பயிற்சி பெறும் வீரர்கள் சுட்டபோது, விலகிப் போன குண்டு பாட்டி வீட்டில் இருந்த ஒரு சிறுவன் மேல் பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்தான். அத்தனை ஒழுங்குகளோடு நடந்த இடத்திலேயே இப்படி. அடுக்கு வீட்டு நடையில், கண்புரை உள்ள ஒருவர், இருட்டில், கை நடுங்கச் சுடுவதை யோசித்துப் பாருங்கள். உள்ளே வந்தது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த பேரனா?

என் வேலையில் இதற்கு ஓர் எளிய விதி உண்டு. நிறுவனத்தின் முக்கியமான சர்வரில் எல்லா எஞ்சினியருக்கும் நிரந்தர அட்மின் அனுமதி கொடுக்க மாட்டோம். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. அனுமதி என்பது அவசர நேரத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும் பொருள் இல்லை, தூக்கக் கலக்கத்திலும் கோபத்திலும் தவறான விண்டோவிலும் அது திறந்தே இருக்கும். அதனால் குறைந்தபட்ச அனுமதி. அவசரம் என்றால் ஆன்-கால் ஆளைக் கூப்பிடு.

6

இந்த விதியில் பலர் மறந்துபோகும் ஒரு பாதி இருக்கிறது. ஆன்-கால் ஆள் போனை எடுக்க வேண்டும். எடுக்கவே மாட்டார் என்றால், 'உனக்கு அனுமதி இல்லை' என்று சொல்ல நிறுவனத்துக்கு நியாயம் கிடையாது. துப்பாக்கி வேண்டாம் என்கிற நம்முடைய வாதம் மொத்தமும் அந்த போன் அழைப்பின் மேல்தான் நிற்கிறது. அழைத்தும் யாரும் வராத தெருவில் இருப்பவரிடம் போய், அமெரிக்கப் புள்ளிவிவரத்தைக் காட்டி, 'உங்களுக்கு நல்லதில்லைங்க' என்று சொல்வது அநியாயம்.

இதைச் சட்டமே ஓரிடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. வன்கொடுமை நடக்கும் வாய்ப்புள்ள பகுதிகளில் அரசு எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகளை அதன் மூன்றாவது விதி வரிசைப்படுத்துகிறது. மற்ற சாதியினரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்வது, கள்ளத்துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்வது, அவசியம் என்று கருதினால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கே ஆயுத உரிமம் வழங்குவது. தற்காப்புக்குத் துப்பாக்கி என்ற கருத்து இந்தியச் சட்டத்தில் மிகத் தெளிவாக இருப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். பாதுகாப்பைக் கேட்டும் கிடைக்காதவர்களின் பக்கம் நின்று எழுதப்பட்டது அது. முதலில் மிரட்டுகிறவன் கையிலிருந்து எடு, அதுவும் போதாவிட்டால் மிரட்டப்படுகிறவருக்குக் கொடு. நியாயமான வரிசை.

இன்னும் கடினமான கேள்வி ஒன்று மிச்சம். போன் எடுப்பவரே ஆபத்து என்றால்? 2020-இல் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். 'மக்கள்ட்டயும் துப்பாக்கி இருந்திருந்தா சுட்டிருப்பானா?' என்று அன்றைக்குப் பல பேர் கேட்டார்கள். கோபத்தில் வந்த கேள்விதான், ஆனாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

என் பதில் இது. கூட்டத்தில் நாலு பேரிடம் துப்பாக்கி இருந்திருந்தால் இறந்தவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கும். அத்தோடு இன்னொன்றும் போயிருக்கும். 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, போலீஸ் வரம்பு மீறியது என்றும் ஓடுகிறவர்களைச் சுட்டது என்றும் சொல்ல முடிந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்தும் குண்டு வந்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்கவே முடியாது. 'தற்காப்பு' என்ற சொல் போலீஸ் பக்கம் போயிருக்கும். நிராயுதபாணியாக நின்றதுதான் அந்த மக்களின் சாட்சியம். அது இறந்தவர்களைத் திருப்பித் தராது என்பதும் உண்மை. அறிக்கைக்குப் பிறகு தண்டனை வரவில்லை என்றால் சாட்சியத்தின் மதிப்பும் கரைந்துவிடும் என்பதும் உண்மை. அதனால்தான் இதைக் கடன் என்கிறேன்.

7

ஸ்ரீரங்கத்துக்குத் தற்காப்பு பற்றிப் பழைய நினைவு ஒன்று உண்டு. 1323-இல் டெல்லிப் படை வந்தபோது நடந்ததாகக் கோயிலொழுகும் குருபரம்பரைக் கதைகளும் சொல்வது. ஆயிரக்கணக்கானவர்கள் கோயிலைக் காக்க நின்று மடிந்தார்கள். கருவறை முன்னால் கற்சுவர் எழுப்பி மூலவரை மறைத்தார்கள். மிகவும் வயதான பிள்ளை லோகாச்சாரியார் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பி, வழியில் ஜோதிஷ்குடியில் உயிர் விட்டார். உற்சவர் ஊர் திரும்பியது 1371-இல்.

ஊரில் இன்றுவரை யாரும் லோகாச்சாரியாரை ஓடிப்போனவர் என்று சொன்னதில்லை. நின்றவர்களையும் முட்டாள்கள் என்று சொன்னதில்லை. எதைக் காக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால், நிற்பதா விலகுவதா என்பது அதிலிருந்து வரும். நம் சட்டத்துக்கும் இந்தப் புத்தி இருக்கிறது. அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை எழாது என்கிறது அது. 2005-இல் ஃபுளோரிடா இயற்றிய சட்டம் வேறு மாதிரி. விலகிப் போக வழி இருந்தாலும் விலக வேண்டியதில்லை, நின்று சுடலாம். அங்கே காக்கப்படுவது உயிரைவிட, பின்வாங்காத ஆள் என்ற பெருமை. பெரியப்பா வீட்டில் காக்க வேண்டியது இரண்டு உயிர்கள். நகையும் டிவியும் போனால் போகட்டும்.

ஆகவே அண்ணனுக்கு என் பதில் 'வேண்டாம்' தான். ஆனால் அதோடு முடித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. வேண்டாம் என்று சொன்ன மறுநாளிலிருந்து வேலை இருக்கிறது. படுக்கையறைக்கு உள்ளிருந்து போடும் கெட்டியான தாழ்ப்பாள், எதிர்வீட்டில் ஒரு மாற்றுச் சாவி, ராத்திரி எந்நேரமும் எடுக்கும் நாலு பேருடைய எண்கள். அதில் என் எண்ணும் ஒன்று. இது ஒரு வீட்டுக்கு. ஊருக்கு என்று வந்தால், உரிமம் கொடுக்கும் மேஜையில் 'உங்களுக்கு எவ்வளவு சொத்து?' என்பதற்குப் பதிலாக 'உங்களை யார் மிரட்டுகிறார்கள், புகார் கொடுத்தீர்களா, யாராவது வந்தார்களா?' என்று கேட்கச் செய்ய வேண்டும். வரவில்லை என்று அவர் சொன்னால், அது அவருடைய விண்ணப்பத்தில் எழுதப்பட வேண்டிய குறை இல்லை. வராதவர்கள் பதில் சொல்ல வேண்டிய குறை.

தமிழ்நாட்டின் 22,532 என்ற எண்ணைச் சின்னதாகவே வைத்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அது நம் நல்ல குணத்தால் சின்னதாக இருக்கிறது என்று நம்பிக்கொள்வதில்தான் ஆபத்து. கூப்பிட்டால் யாரோ வருவார்கள் என்று ஏராளமான பேர் இன்னும் நம்புவதால்தான் அது சின்னதாக இருக்கிறது. அந்த நம்பிக்கையை வீணாக்காமல் இருப்பது, துப்பாக்கி வேண்டாம் என்று சொல்கிற ஒவ்வொருவர் தலையிலும் இருக்கிற வேலை.